கொறைய மொதல்ல கேட்டுக்கங்க

கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை விற்க வந்த மனிதர், அதை நான் ஏன் வாங்கக்கூடாது என்பதை, என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, கையிலிருந்த பிளேன்டீ ஆறிப்போகும்வரை விளக்கினார். இத்தனை வருட வாழ்க்கையில் முழு விவரமும் தெரிந்து நான் பெற்றுக்கொண்ட பொருள் அது ஒன்றுதான். என் உத்தியோகம், என் வீடு, என் தலைமுடி, எதைப் பற்றியும் யாரும் எனக்கு இவ்வளவு முன்கூட்டிச் சொன்னதில்லை.

அவர் டீமேக்கர். இலங்கை மலையகத்தில், ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உள்ளே போவதிலிருந்து தூளாகி மூட்டையில் வெளியே வருவதுவரை அவர் பொறுப்பு. ஓய்வு பெற்றதும் ஹாலிஎலையில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடி வந்தார். அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் தபால்காரர் உட்பட எல்லோருக்கும் அவர் டீமேக்கர் ஐயா. அவர் மனைவிகூட அடுப்படியிலிருந்து "டீமேக்கரு எங்க போயிட்டாரு?" என்றுதான் கேட்பார். கோபமாக இருந்தால் மட்டும் மரியாதைக்குரிய அந்த "ரு" உதிர்ந்துவிடும்.

ஒவ்வொரு நாள் காலையிலும் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து முதல் நாள் தேயிலையைச் சுவை பார்ப்பது அவர் வேலையில் ஒரு பங்கு. ஒரு கரண்டியால் அள்ளி, தொழிலாளர் லயத்து நாய்கள் காதைத் தூக்கிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார். நல்ல தேயிலைக்கு அவரிடம் ஒரே ஒரு சொல்தான்: "சரி." கெட்ட தேயிலைக்கோ ஒரு சிறிய அகராதி வைத்திருந்தார். கருகல். புகை நெடி. பச்சை வாடை. தட்டை. இத்தனை வருடம் காலையில் எழுந்ததும் குறை தேடிய வாய் ஓய்வூதியம் வந்ததும் சும்மா இருக்குமா? உலகத்தையே கோப்பையில் ஊற்றி உறிஞ்ச ஆரம்பித்தது. கோயில் பூசகர் மந்திரம் சொன்னால் பச்சை வாடை. பக்கத்துத் தெருவில் நடந்த சம்பந்தம் நல்ல சம்பந்தம், கொஞ்சம் கருகல். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் நான் எழுதும் பத்தியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு மதிலுக்கு மேலால் திருப்பித் தருவார்.

"முன்பாதி சரி மாஸ்டர். பின்பாதி தட்டை. தண்ணி கொதிக்கிறதுக்கு முன்னாடி ஊத்திப்புட்டீங்க."

இலக்கிய விமர்சனம் என்று தடிப்புத்தகங்கள் பல வாசித்திருக்கிறேன். என் எழுத்தின் கோளாறை இவ்வளவு சரியாகப் பிடித்தவர் யாருமில்லை. அதனால் நான் அவரோடு அதிகம் பேசுவதைத் தவிர்த்திருக்க வேண்டும். தவிர்க்கவில்லை. மதிலில் சாய்ந்து நிற்க அந்த இடம் வசதியாக இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் பொருளில் குறை சொல்லுகிறவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். இவர் தன் பொருளின் குறையைத்தான் முதலில் சொல்வார். எதை விற்றாலும், எதைக் கொடுத்தாலும், தன் வீட்டுப் பலாப்பழத்தில் ஒரு துண்டு அனுப்பினாலும், "கொறைய மொதல்ல கேட்டுக்கங்க" என்றுதான் ஆரம்பம். பழம் இனிப்புத்தான், ஆனால் நடுவில் கொஞ்சம் நீர் கோத்திருக்கு. மோட்டார் சைக்கிள் ஓடும், ஆனால் ஏற்றத்தில் இருமும், இறக்கத்தில் யோசிக்கும். அந்த மோட்டார் சைக்கிளைக் கடைசிவரை யாரும் வாங்கவில்லை. கோழிகள்தான் அதில் ஏறிப் படுத்தன.

அவர் மகளைப் பெண் பார்க்க வந்தபோது நடந்ததை அவர் மனைவி சொல்லக் கேட்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் பாயில் உட்கார்ந்து கேசரியில் கை வைக்கும் நேரம் பார்த்து, இவர் தொண்டையைச் செருமியிருக்கிறார். கொறைய மொதல்ல கேட்டுக்கங்க. புள்ள கோவக்காரி. கோவம் வந்தா ரெண்டு நாளைக்குப் பேசாது. கொழம்புல புளி ஜாஸ்தி போடும். எங்க குடும்பத்துல எல்லாருக்கும் நாப்பது தாண்டினா சக்கரை. திரைக்குப் பின்னால் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாராம். மாப்பிள்ளையின் அம்மா கேசரியை மென்று முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "எங்க பையனுக்கு வாய் ஜாஸ்தி. அந்தப் புள்ள ரெண்டு நாள் பேசாம இருந்தாலாச்சும் அடங்குவான்." கல்யாணம் நடந்தது. இன்றுவரை அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முறைப்பாடும் இல்லை. எதைச் சொல்லி முறையிட? எல்லாவற்றையும்தான் இவர் முதலிலேயே சொல்லிவிட்டாரே.

அந்த மாப்பிள்ளைதான் கத்தாரில் கணினி வேலை பார்த்தார். ஒரு விடுமுறைக்கு வந்தபோது சொக்லேட், கம்பளி, தைலம் இவற்றுக்கு நடுவே ஆறு கிராபிக்ஸ் கார்டுகளையும் பெட்டிக்குள் சுற்றிக் கொண்டுவந்தார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கும் அப்போது தெரியாது. கணினித் திரையில் படத்தை வரைந்து தரும் பலகைதான் கிராபிக்ஸ் கார்ட். செங்கல்லை விடச் சற்று நீளமாக, தனக்கென்று இரண்டு மூன்று விசிறிகளோடு இருக்கும். அதைப் படம் வரைய விடாமல் இராப்பகலாகக் கணக்குப் போட வைத்தால், இணையத்தில் மட்டும் புழங்கும் ஒரு நாணயம் சொட்டுச் சொட்டாக வந்து சேரும். இதற்கு மைனிங் என்று பெயர். சுரங்கம் தோண்டுவது. மண்ணும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. சூடு மட்டும் நிஜம்.

டீமேக்கர் ஐயாவுக்குக் கணினி தெரியாது. சூடு தெரியும். அப்போது அவர் இன்னும் வேலையில் இருந்தார். தொழிற்சாலையை ஒட்டிய குவாட்டர்ஸில் குடியிருந்தார். தோட்ட நிர்வாகியான பெரிய துரையிடம் போய், என் வீட்டுப் பின்னறையில் ஒரு மெஷின் போடப் போகிறேன், அது இரையும், கரண்ட் குடிக்கும், பில்லு என் தலையில்தான், அது என்ன செய்கிறது என்று எனக்குச் சரியாக விளங்கவில்லை என்று குறைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார். துரைக்கும் விளங்கவில்லை. விளங்காத இரண்டு பேர் உடனே ஒத்துப்போனார்கள்.

மாப்பிள்ளை கார்டுகளை ஒரு பெட்டிக்குள் நெருக்கிப் பூட்டிவிட்டு விமானம் ஏறினார். மாமனார் புறங்கையை வைத்துப் பார்த்தார். சுட்டது. மறுநாளே பெட்டியைக் கழற்றி எறிந்தார். தொழிற்சாலையின் மேல்மாடியில் பச்சைக் கொழுந்தை வாட்டுவதற்கு நீளமான தொட்டிகள் இருக்கும். கம்பிவலை மேல் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறியால் காற்று விடுவார்கள். அதே மாதிரி ஒரு சின்னத் தொட்டியைப் பலகையால் அடித்து, கம்பிவலை போட்டு, அதன் மேல் ஆறு கார்டுகளையும் வரிசையாகக் கொழுந்து போலப் படுக்க வைத்தார். அடியில் ஒரு மேசை விசிறி. தலைமாட்டில் ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் தொழிற்சாலைப் பக்கமிருந்து மலைக்காற்று நேரே வந்து முகத்தில் அடிக்கும்.

"காத்த சும்மா குடுக்குறான் மாஸ்டர். வாங்கிக்க வேண்டியதுதானே" என்று பின்னாளில் எனக்கு விளக்கினார்.

வீடியோ அழைப்பில் இந்த ஏற்பாட்டைப் பார்த்து மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாராம். பிறகு அங்கிருந்தபடியே கார்டுகளின் வெப்பநிலை இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாராம். அன்றிலிருந்து காலையில் கோப்பைகளைச் சுவை பார்த்து முடித்ததும் ஐயா பின்னறைக்குப் போவார். ஆறு கார்டுகள் மேலும் புறங்கையை வைத்து வைத்து எடுப்பார். ஜன்னலோரத்துக் கார்ட்தான் எப்போதும் குளிர்ச்சி. அதுதான் அவருடைய செல்லம்.

நாட்டில் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட அந்தக் காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மெழுகுவர்த்திக்கும் வரிசை நின்றோம். அவர் மட்டும் கார்டுகளுக்காகக் கவலைப்பட்டாராம். காரணத்தைப் பின்னால் என்னிடம் சொன்னார்: "ஓடுற மெஷின் சாகாது மாஸ்டர். நிப்பாட்டி நிப்பாட்டி ஓட்டுனாத்தான் சாகும். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, விரிஞ்சு சுருங்கி, கடைசியில ஒரு எடத்துல விட்டுப்போகும்." தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டும் பழைய உருளைகள் அவருக்குச் சாட்சி. அவை அவரையும் விட மூத்தவை. நிற்காமல் ஓடியதால்தான் இன்னும் ஓடுகின்றன என்பது அவர் கட்சி.

பிறகு அந்த நாணயத்தை நடத்தியவர்கள், இனி இப்படித் தோண்டத் தேவையில்லை என்று முறையையே மாற்றிவிட்டார்கள். உலகம் முழுவதும் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரே நாளில் வேலையிழந்தார்கள், எல்லோரும் கார்டுகள். விற்பனைக்கு வந்து குவிந்தன. நம் நாட்டில் பழைய வாகனத்தை விற்கிறவர்கள் "லேடி டொக்டர் பாவித்தது" என்று போடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு பூர்வாசிரமம் எழுதினார்கள். எப்போதாவது கேம் விளையாடியது. ஒரே ஒரு மாணவி பாவித்தது. யாரும் மைனிங் என்ற சொல்லை மூச்சு விடவில்லை, ஏனென்றால் மைனிங் செய்த கார்ட் தேய்ந்துபோன கார்ட் என்பது ஊர்ப்பேச்சு. அதே சமயத்தில் ஓய்வு பெற்று ஹாலிஎலைக்கு வந்திறங்கிய டீமேக்கர் ஐயா, ஆறு கார்டுகளையும் ஒரு பேக்கரிப் பாண் பெட்டியில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், "கொறைய மொதல்ல கேட்டுக்கங்க. இது ராப்பகலா சுரங்கத்துல கெடந்த கார்ட்" என்று ஆரம்பித்தார்.

நான் ஒன்றை வாங்கியதற்கு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. நாவல் எழுதுவதற்கென்று வாங்கிய கணினியில் நான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். அது ஒரு விளையாட்டு. ஐரோப்பிய மலைப்பாதைகளில் பயணிகளை ஏற்றி இறக்க வேண்டும். பதுளை பண்டாரவளை வீதியில் நிஜ பஸ்ஸில் ஏறினால் மூன்றாவது வளைவில் வயிற்றைப் புரட்டும் ஒருவன், வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஆல்ப்ஸ் மலையில் பஸ் ஓட்டுகிறான். பழைய கார்டில் மலை கட்டம் கட்டமாகத் தெரிந்தது. புதியது வேண்டும் என்று ஒரு சாரதியாக எனக்குத் தோன்றியது.

மற்றவற்றை நம்பி வாங்கியவர்களில் ஒருவர் பண்டாரவளையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், ஊர் வழக்கில் நானா. கல்யாண வீடியோக்கள் செய்கிறவர். அவருக்குத்தான் கடினமான வேலை என்று ஐயா தன் செல்லத்தையே, அந்த ஜன்னலோரத்துக் கார்டையே, தேடி எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் கார்ட்தான் படுத்துக்கொண்டது.

நானாவின் அழைப்பு வந்தபோது நான் மதிலோரம் நின்றேன். ஒரு கல்யாண வீடியோவைச் செய்துகொண்டிருக்கிறார். மணப்பெண் மண்டபத்துக்குள் கால் வைக்கும் இடம் வந்ததும் திரை கறுத்துவிடுகிறது. திரும்பப் போட்டால் திரும்பவும் அதே வாசலில் கறுக்கிறது. அந்த வாரக் கடைசியில் பெண் வீட்டார் படம் கேட்டு வரப்போகிறார்கள். இது போதாதென்று, நானா கார்டைக் கொண்டுபோய்க் காட்டிய கணினிக் கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: மைனிங் கார்ட், தேஞ்சுபோச்சு, எந்தக் கள்ளன் ஒங்களுக்கு வித்தது? கடையில் அப்போது நாலு பேர் நின்றிருக்கிறார்கள். மறுநாள் பதுளை பஸ்ஸில் அந்தப் பேச்சு எங்கள் ஊரில் வந்து இறங்கிவிட்டது.

ஐயா சாப்பிடுவதை நிறுத்தினார். குறையைச் சொல்லித்தானே விற்றீர்கள் என்றேன். அது போதாது என்றார். மைனிங் செய்தது என்று சொன்னது உண்மை. ஆனால் அதனால் தேயாது என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். தேயும் என்றால் அது பொய். பொய் என்றால் ஆறு கார்டையும் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் மனைவி மதிலருகே வந்து என்னிடம் நியாயம் கேட்டார்.

"கேளுங்க மாஸ்டர். கார்ட் வித்த காசுலதான் கூரைக்குத் தகடு போட்டோம். இவரு இப்ப ஏணிய எடுத்துக்கிட்டு மேல பாக்குறாரு."

ஐயா என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவரு. தேயுமா, தேயாதா?"

அன்று மாலை நான் இணையத்தில் உட்கார்ந்து வாசித்தேன். பாதிப்பேர், மைனிங் என்பது கார்டைக் கொன்றுவிடும் என்றார்கள். மீதிப்பேர், ஒரே சூட்டில் ஓடுவதால் அதற்கு நல்லது, சூடேற்றி ஆற விடும் கேம்காரர்கள்தான் கொலைகாரர்கள் என்றார்கள். இரு தரப்பாரும் ஒருவர் தாயை ஒருவர் இழுத்துத் திட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் வாதங்கள் உண்டு ஐயா என்று அவரிடம் சொன்னேன். "தட்டை" என்றார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார்: என் கார்டைக் கழற்றித் தர முடியுமா? தேயிலையைச் சுவை பார்க்கும்போது ஒற்றைக் கோப்பையை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லையாம். பக்கத்தில் இன்னொரு கோப்பை இருக்க வேண்டும். ஒரே நாள் கொழுந்து, ஒரே தண்ணீர், அப்போதுதான் வித்தியாசம் எங்கே என்று நாக்குக்குப் பிடிபடும். என் கார்டும் நானாவின் கார்டும் ஒரே தொட்டியில் ஒரே காலம் கிடந்தவை.

ஆகவே மறுநாள் காலை பண்டாரவளை பஸ்ஸில், குளியல் துவாயில் சுற்றிய கார்டை மடியில் வைத்துக்கொண்டு நான் மூன்றாவது வளைவை எதிர்பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அவர், பெண் பார்க்கப் போகும் வீட்டுக்கு வெறுங்கையோடு போகிறவரைப் போல, சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு. நடத்துநர் மீதியைக் குறைத்துக் கொடுத்ததைக்கூடக் குறை சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஸ்டூடியோவில் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியை வரைந்த திரைக்கு முன்னால் நானா எங்களை உட்கார வைத்தார். பிளேன்டீ வந்தது. ஐயா அதை உறிஞ்சாமல் குடித்தார். பிறகு என் கார்டை நானாவின் கணினியில் போட்டார்கள். கல்யாண வீடியோ ஓடியது. மண்டப வாசல் வந்தது. மணப்பெண் தடையில்லாமல் உள்ளே வந்து, இரண்டு பக்கமும் பார்த்து, நாற்காலியில் அமர்ந்தாள். சொந்தப் பேத்தியின் கல்யாணம் போல ஐயா நிமிர்ந்தார்.

"மைனிங்னா இதுவும் மைனிங்தானே. இது ஓடுதே."

நானா உடனே கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப மைனிங்கால இல்ல ஐயா. நம்மட கார்டுக்கு ஏதோ கெட்ட நேரம். நீங்க மனச வருத்தாதீங்க. நான் அந்தக் கடைக்காரனுக்கு விசயத்தச் செல்றேன்."

அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். பெயர் காப்பாற்றப்பட்டுவிட்டது, வீட்டுக் கூரையும் தப்பியது, பத்தரை மணி ரயிலும் இருந்தது, ரயிலில் எனக்கு வயிற்றைப் புரட்டாது. ஆனால் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய திருப்புளியை எடுத்தார். கோப்பைகளுக்கு நடுவில் வித்தியாசம் இருந்தால் அது எதனால் என்று தெரியாமல் தேயிலையை மூட்டை கட்ட முடியாது என்றார்.

படுத்துக்கொண்ட கார்டின் விசிறிகளைக் கழற்றினார். அடியில் அலுமினியத் தகடுகள் சீப்பு மாதிரி வரிசையாக நின்றன. சீப்புப் பற்களுக்கு இடையே காற்றுப் போக வேண்டும். அங்கே பழுப்புப் பொன்னிறத்தில் மெத்தை மாதிரி ஏதோ அடைந்து கிடந்தது. விரலால் நெம்பினார். கம்பளித் துண்டு போல மொத்தமாக எழும்பி வந்தது. அதற்கும் கீழே, கணக்குப் போடும் சில்லின் மேல் சூட்டைக் கடத்தப் பூசிய பசை, கோடையில் வெடித்த வயல் மண்ணாகக் காய்ந்திருந்தது. ஒரு விசிறி சுற்ற மறுத்தது.

அந்தத் துண்டை மூக்கருகே கொண்டுபோனார். இழுத்தார். மறுபடியும் இழுத்தார். பிறகு நானாவிடம் நீட்டினார்.

"என்ன வாடை அடிக்குது?"

நானா முகர்ந்தார். "தேயில வாசம் ஐயா. நல்ல வாசம்."

என்னிடம் நீட்டினார். தேயிலைதான். பதுளையில் எந்தத் தேயிலைக் கடையைத் தாண்டினாலும் மூக்கில் ஏறும் அதே வாசம்.

அவர் மூன்றாவது முறையும் முகர்ந்துவிட்டு நீர்வீழ்ச்சிக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். போட்டோ எடுக்க வந்தவரைப் போல, கை இரண்டும் முழங்காலில்.

"எனக்கு ஒண்ணும் வரல" என்றார்.

தேயிலையைச் சலிக்கும்போது அதிலிருந்து ஒரு பொன்னிறப் பஞ்சு கிளம்பும். தொழிற்சாலையில் உத்தரம், ஜன்னல், கண்ணிமை என்று எங்கும் படியும். சலிக்கும் அறையின் காற்றை வெளியே தள்ளும் விசிறி எந்தப் பக்கம் பார்த்தது என்பதை அவர் யோசித்துப் பார்க்கவே இல்லை. அது அவர் வீட்டுப் பின்னறை ஜன்னலைப் பார்த்தது. சும்மா கொடுத்த காற்று பஞ்சோடு சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறது. தூரத்து மூலையில் கிடந்த என் கார்டுக்குக் கொஞ்சம். ஜன்னலோரத்துச் செல்லத்துக்கு நிறைய. ஊரில் எவர் கோப்பையிலும் புகை நெடியைக் கண்டுபிடித்த மூக்கு, தான் பிறந்து வளர்ந்து வேலை பார்த்த வாசத்தை மட்டும் ஒரு வாசமாக எண்ணவே இல்லை.

என் கார்டையும் திறந்தார். அதிலும் இருந்தது, மெல்லியதாக. இன்னும் சில மாதம் ஆல்ப்ஸ் மலையேறியிருந்தால் என் பஸ்ஸும் நின்றிருக்கும்.

ஐயா ஸ்டூலிலிருந்து எழுந்தார். கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்கள் முன்னால் செருமிய அதே செருமல்.

"நானா, மன்னிச்சுக்கங்க. கொறைய மொதல்ல சொன்னேன்னு நெனச்சேன். இந்தக் கொறை எனக்கே தெரியல. கார்ட் தேயல. எஞ் ஜன்னலு அதை மூச்சு முட்ட வச்சிருச்சு."

நானா நல்ல மனிதர். அவரால் இதைத் தாங்க முடியவில்லை. பெரியவர் ஒருவர் தன் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு நிற்க, தான் மட்டும் சுத்தமாக நிற்பது அவருக்குக் கூச்சமாகிவிட்டது. வியாழக்கிழமை அந்தியில் மஃரிப் தொழுகை நேரத்துக்குக் கடைக்குச் சாம்பிராணி காட்டும்போது அந்தக் கணினிக்கும் சேர்த்துக் காட்டுவதாகவும், பரக்கத்து என்னும் இறையருளுக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டுவதாகவும், ஒருவேளை அந்தப் புகைதான் அடைத்திருக்குமோ என்றும் சொன்னார். குற்றத்தில் பாதியை வாங்கிக்கொள்ளப் பார்த்தார். ஐயா பஞ்சுத் துண்டை மறுபடி அவர் மூக்கருகே நீட்டினார். சாம்பிராணி வருகிறதா? நானா முகர்ந்து பார்த்து, வருத்தத்தோடு, இல்லை என்றார். அப்படியானால் இது முழுக்க என்னுடையதுதான் என்று ஐயா அதைத் தன் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வேலை சுலபம். கமெராக் கண்ணாடியில் தூசி ஊதுகிற ரப்பர் ஊதுகுழலை நானா கொடுத்தார். ஐயா பல் துலக்கும் தூரிகையால் தகடுகளைக் கோதினார். சுற்ற மறுத்த விசிறிக்குப் பதிலாகப் பழைய கணினியிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கட்டினார்கள். புதிய பசை வாங்க, கள்ளன் என்று தீர்ப்புச் சொன்ன அதே கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. நான் வாங்கி வருகிறேன் என்றேன். விடவில்லை. தானே படியேறிப் போய் எல்லார் முன்னாலும் சொன்னார்: அந்தக் கார்டை வித்தது நான்தான். மைனிங் அதைத் தேய்க்கல. விசிறி தேயும், பசை காயும், அது எந்த மெஷினுக்கும் உள்ளது. மத்த எல்லாம் தேயிலைத் தூசி, அது என்னோட கவனக்கொறை. அன்னைக்கு எந்த வாயால கள்ளன்னு சொன்னீங்களோ அதே வாயால இதையும் நாலு பேருக்குச் சொல்லிப்புடுங்க. கடைக்காரர் தன் வியாபார வாழ்க்கையில் இப்படி ஒரு வாடிக்கையாளரைக் கண்டிருக்க மாட்டார். பசைக்குப் பில்லுப் போட மறந்துவிட்டார். ஐயா நினைவூட்டினார்.

பிற்பகலில், நானாவின் சொந்தக் கார்டிலேயே, மணப்பெண் வாசலைத் தாண்டினாள். மூன்று முறை பின்னோக்கி ஓட்டி மூன்று முறையும் அவளை உள்ளே வர வைத்துப் பார்த்தோம். மூன்றாவது முறை ஐயா பிளேன்டீயைச் சத்தமாக உறிஞ்சினார். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு நிம்மதி வந்தது.

"சரி" என்றார்.

அடுத்த வாரமெல்லாம் நானாவின் ஊதுகுழலை இரவல் வாங்கிக்கொண்டு மற்றக் கார்டுகளைத் தேடிப் போனார். பூனாகலையில் டியூஷன் வகுப்பு நடத்துகிறவர் வீட்டுக்கு, பதுளையில் அச்சகத்துக்கு. முன்னாடி சொன்னதுல ஒரு கொறை விட்டுப்போச்சு என்று வாசலில் நின்று சொல்லி, உள்ளே போய், திறந்து, கோதி, பசை போட்டு, மூடிக்கொண்டு வந்தார். திறப்பதற்கு முன்னால் வீட்டில் யாரையாவது கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொல்வாராம். தன் மூக்கை அவர் இப்போது நம்பவில்லை. ஆனால் என் பத்திக்கு மட்டும் அந்தச் சந்தேகம் வரவில்லை. அது தொடர்ந்து தட்டையாகவே இருந்தது.

மாப்பிள்ளை கத்தாரிலிருந்து திரும்பி, கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் வீடு எடுத்தபோது அவரும் மனைவியும் அங்கே போய்விட்டார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் இப்போது யாரோ இருக்கிறார்கள், நல்லவர்கள், பலாப்பழம் அனுப்பினால் பலாப்பழம் மட்டும்தான் வருகிறது. டீமேக்கர் ஐயா ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் போன் எடுத்துப் பேசுவார். வத்தளையில் தண்ணீர் சரியில்லை, காற்றில் மீன் வாடை, பத்தியின் கடைசிப் பந்தி கருகல். எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கார்டைப் பற்றி விசாரிப்பார்.

கார்ட் நன்றாக இருக்கிறது. நாவல் இன்னும் எழுதவில்லை, ஆனால் ஆல்ப்ஸ் மலையில் எனக்குத் தெரியாத வளைவு கிடையாது. சுத்தம் செய்து போட்ட புதிதில், நீளமான ஏற்றங்களில் கார்ட் சூடேறும்போது அறையில் மெல்லத் தேயிலை வாசம் வரும். சுவிட்சர்லாந்தில் பஸ் ஓட்டுகிறவனுக்கு ஹாலிஎலை வந்து மூக்கைத் தொடும். அது போகாது, தேயிலை ஏறின பெட்டியிலிருந்து வாசம் போனதாகச் சரித்திரம் இல்லை என்று அவர் அப்போதே சொல்லிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் கேட்டார். இன்னும் வாடை வருதா மாஸ்டர்?

யோசித்துப் பார்த்தேன். வந்து வெகு நாளாகிவிட்டது. இப்போது எதுவும் வருவதில்லை ஐயா, சுத்தமாகப் போய்விட்டது என்று மகிழ்ச்சியோடு சொன்னேன்.

வத்தளைக் காகம் ஒன்று கத்தியது.

"போயிருக்காது மாஸ்டர். ஒங்களுக்கும் பழகிப்போச்சு. நாளைக்கு அத யாருக்காச்சும் வித்தா, மொதல்ல அதைச் சொல்லிப்புட்டு விலை பேசுங்க."